காலைக் காட்டுங்க

சுகர் பார்க்க வருகிறவர்கள் உட்காரும்போதே விரலை நீட்டிவிடுகிறார்கள். காலைக் காட்டச் சொன்னால்தான் இழுபறி. "கால்ல ஒண்ணுமில்லையே சிஸ்டர், அது எதுக்கு?" கரும்புக் கொல்லையிலிருந்து நேராக வந்திருப்பார்கள். சேறு காய்ந்திருக்கும், குதிகால் வெடித்திருக்கும். அதைவிடப் பெரிய தடை, தன் காலை இன்னொருத்தி தொடுவதா என்கிற கூச்சம். வயதில் மூத்தவர்கள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார்கள். கல்வராயன் மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர் நான். வாதாடுவதில்லை. குட்டை ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிடுவேன். பேச்சுக் கொடுத்தபடியே செருப்பைக் கழற்றி, முதலில் அந்தச் செருப்பைத் திருப்பிப் பார்ப்பேன். அடியில் முள் தைத்து நிற்கும். அதை மிதித்தபடி எத்தனை நாள் நடந்தார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

இரத்தச் சர்க்கரை எண்கள் இப்போது எல்லார் வாயிலும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் 126-ஐத் தொடக் கூடாது. மூன்று மாதச் சராசரி 6.5-ஐத் தொடக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் தன்னார்வலப் பெண்கள் வீடு தேடிப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கையில் கிடைக்கிறது. தேவையும் அப்படி. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எண்ணைத் தெரிந்துகொண்டதோடு நோயைத் தெரிந்துகொண்டதாக ஆகிவிடுகிறது. 140 என்றால் சிரிப்பு, 280 என்றால் கவலை. காலைப் பற்றி இரண்டு வேளையிலும் யாரும் கேட்பதில்லை.

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்பும் கெடும், நரம்புக்கு உணவு கொண்டுபோகும் மெல்லிய இரத்தக்குழாய்களும் கெடும். உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. முதல் அடி அங்கே விழுகிறது. வியர்க்க வைக்கும் நரம்பும் கூடவே போவதால் தோல் வறண்டு வெடிக்கும். பெரிய குழாய்கள் அடைத்துக்கொண்டால் காலுக்கு இரத்தமும் குறையும். பீடி பிடிப்பவருக்கு இது சீக்கிரமே நடக்கும். அதனால் பாதத்தின் மேற்புறத்திலும், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் நாடி பார்க்காமல் நான் காலைக் கீழே வைப்பதில்லை.

நரம்பு கெடும்போது அவர்கள் சொல்லும் சொற்கள் எந்தப் பாடப் புத்தகத்தையும்விடத் துல்லியமானவை. "எறும்பு ஊருது", "மொளகாப் பொடி பூசின மாதிரி எரியுது", "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு". ராத்திரியில் போர்வை பட்டாலே தாங்காது என்பவர்களும் உண்டு. இவர்களைப் பார்த்து எனக்குப் பயமில்லை. வலி இருக்கிறது, அதனால் வருவார்கள். "எரிச்சலெல்லாம் போயே போச்சு சிஸ்டர், இப்ப நல்லா இருக்கு" என்று ஒருவர் சந்தோஷமாகச் சொல்லும்போதுதான் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுக்கிறேன். எரிச்சல் குறைந்து நரம்பு தேறியிருக்கலாம். எரியக்கூட நரம்பு மிச்சமில்லாமலும் போயிருக்கலாம்.

உணர்விழந்த காலைப் பார்க்கும் இந்த வேலையின் வேர் நம் பக்கத்து மலையில் இருக்கிறது. இதற்கு வழிகாட்டிய டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். கொல்லிமலையிலும் கல்வராயனிலும் வாழ்பவர்கள் ஒரே மலையாளிப் பழங்குடி மக்கள். அப்பா ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்தார். அம்மா ஈவ்லின், ஓய்வு பெற வேண்டிய வயதில் மலைக்கே திரும்பி, மட்டக்குதிரையில் கல்வராயன் உட்படப் பல மலைகளில் மருந்துப் பையோடு அலைந்து 1974-ல் மறைந்தார். மகன் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று அன்றைக்கு டாக்டர்களே நம்பினார்கள். பிராண்ட் காயம் காயமாகக் காரணம் தேடினார். சூடான பாத்திரம், ஆணி, ஒரே இடத்தில் அழுந்தும் நடை. நோய் எடுத்துக்கொண்டது வலியை மட்டும். மீதியை அன்றாட வாழ்க்கை எடுத்துக்கொண்டது. இரவில் தூங்கும்போது சிலருக்கு விரல் நுனி குறைந்தது. காவலிருந்து பார்த்தால், எலி. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் நோயாளியோடு ஒரு பூனையையும் அனுப்பினார்களாம். மரவள்ளியும் சாமையும் அடுக்கிய வீட்டில் தரையில் படுப்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் தங்கள் காலைப் பார்ப்பார்கள்.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணும் அதே கதைதான் என்று அங்கே தெளிவாகியது. உணர்விழந்த பாதத்துக்கு மாவுக்கட்டும், மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் தொழுநோயிலிருந்து சர்க்கரைக்கு வந்து சேர்ந்தன.

என் மேசை இழுப்பறையில் இருக்கும் நைலான் இழையும் அந்த வழியாக வந்ததுதான். பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் விசையில் வளைந்துவிடும். அதை உணராத பாதம் தன்னைக் காத்துக்கொள்ளாது என்ற கோட்டை 1980-களில் கார்வில்லில், தொழுநோய், சர்க்கரை நோய் என இரு வகை நோயாளிகளின் பாதங்களையும் சோதித்து வகுத்தார்கள். முதலில் முன்கையில் தொட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி என்று பயப்படுவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல், விரல்களுக்குக் கீழே உள்ள மேடுகள் என்று வரிசை மாற்றித் தொட வேண்டும். "தெரியுதா?" என்று கேட்டால் மரியாதைக்காகவாவது "தெரியுதுங்க" என்பார்கள். "எப்பத் தொடறேன், எங்க தொடறேன்னு நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிட வேண்டும். தொடாமலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்க்க வேண்டும். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு மலை ஏறி இறங்கியவர்களின் அடிப்பாதம் காய்ப்பு ஏறிக் கெட்டியாக இருக்கும். காய்ப்பின் மேல் இழை பொய் சொல்லும். அதைத் தவிர்த்து இடம் தேட வேண்டும். சந்தேகம் வந்தால் அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பேன். காய்ப்பையும் அலட்சியம் செய்வதில்லை. அதன் நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே இரத்தம் கட்டியாகிவிட்டது; புண் கதவருகே நிற்கிறது.

எங்கள் பக்கத்துக் காயங்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. வெட்டிய கரும்பின் கட்டை. மரவள்ளிக் குச்சி. கருவேல முள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிக் குளிர் காய்வது. வீங்கிய விரலில் புதைந்து கிடக்கும் மெட்டி. கழற்றச் சொன்னால் அவர்கள் முகம் மாறிவிடும், அதனால் "வீக்கம் இறங்கற வரைக்கும்" என்ற சொல்லைச் சேர்த்தே கேட்பேன். காயம் பட்டதும் காப்பித் தூள், மஞ்சள், ஏதோ ஒரு பச்சிலை. இவை எல்லாவற்றையும்விட இக்கட்டானது தீமிதி. வேண்டுதல் வைத்தவரிடம் அம்மன் சுடாது என்று நம்பிக்கை இருக்கிறது. நரம்பு செத்த காலில் சுட்டாலும் தெரியாது என்பது என் கவலை. இரண்டும் நேருக்கு நேர் மோதினால் நான் தோற்பேன். ஒருமுறை கோயில் பூசாரியையே போய்ப் பார்த்தேன். "ஒடம்பு முடியாதவங்க கூழ் ஊத்தட்டும், ஆத்தா ஒண்ணும் கோச்சுக்காது" என்றார். அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லியே பலரைத் தடுத்திருக்கிறேன்.

செருப்புப் பேச்சு தனி. ஹவாய் செருப்பு, உணர்வில்லாத காலிலிருந்து கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது. பின்னால் வார் வைத்தது வேண்டும். அதை வாங்க வைத்துவிடலாம். வீட்டுக்குள்ளும் போட வைப்பதுதான் முடியாத காரியம். வெளியே போடாத, வீட்டுக்கு மட்டுமான ஜோடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள் என்று சமரசம் பேசுவேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். சாமி அறைக்கு முன்னால் கழற்றிவிடுகிறோம் என்கிறார்கள், சரி என்கிறேன்.

மலைக்காரர்களுக்குச் சுகர் வராது என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சாமையும் கேழ்வரகும் இருந்த தட்டில் ரேஷன் அரிசி வந்து வெகுகாலம் ஆயிற்று. ஆனால் எனக்கு உறுத்துவது மெலிந்த நோயாளிகள். சின்ன வயதில் வயிறு நிறையாமல் வளர்ந்தவர்களுக்கு இன்சுலின் சுரப்பே குறைந்து வரும் சர்க்கரை நோய் தனி வகை என்பதற்கு வேலூர் சி.எம்.சி.யின் பங்களிப்போடு 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகை என்று ஏற்றது. எலும்பு தெரியும் ஒருவரிடம் "சோத்தைக் குறை, நல்லா நட" என்று எல்லோருக்கும் சொல்வதையே சொன்னால் அது அறிவுரை இல்லை, தண்டனை. அவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

நான் மாதம் ஒருமுறை பார்க்கும் காலை தினம் பார்க்க இன்னொருவர் வேண்டும். கண்ணும் மங்கிய, குனிய முடியாத பெரியவர்களுக்குத் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் பாதத்தைக் காட்டச் சொல்வதுண்டு. அதைவிடப் பேரப்பிள்ளைகள் நம்பகமானவர்கள். விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம் என்று மூன்று இடத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும், ஒன்றையும் மறைக்காமல் வந்து சொல்லிவிடுவார்கள். தாத்தாக்களுக்கு இதில் கோபம் உண்டு.

தன்னார்வலப் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று. ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டால், காயமே இல்லாவிட்டாலும், "வலியே இல்லீங்க" என்று அவர் சொன்னாலும், எலும்பு உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். யானைக்கால் என்றோ சுளுக்கு என்றோ நினைத்து எண்ணெய் போட்டு நீவ விடாதீர்கள். பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட நடக்க விடாதீர்கள். வண்டி பிடித்து அன்றைக்கே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு இறக்குங்கள். வண்டி கிடைக்காவிட்டால் எனக்குப் போன் போடுங்கள், ராத்திரியானாலும்.