கோட்டை ஏறி, காட்டில் தூங்கி, உப்பளத்தில் விழித்து...

'ட்ரெக்கிங்' என்றதும் ஏலகிரி, கொல்லிமலை, டாப்ஸ்லிப் என்று லிஸ்ட் போடுகிற கூட்டமா நீங்கள்? கொஞ்சம் பிரேக் போடுங்க ஃப்ரெண்ட்ஸ்! ஒரே விழுப்புரம் மாவட்டத்துக்குள், சனி ஞாயிறு ரெண்டே நாளில், இடிந்த கோட்டை ஒன்றில் ஏறி இறங்கி, கும்மிருட்டுக் காட்டில் ஒரு ராத்திரி தூங்கி, மறுநாள் விடியும்போது மரக்காணம் உப்பளத்து வரப்பில் போய் நிற்கலாம். செலவு? மல்டிபிளெக்ஸில் பாப்கார்னோடு ரெண்டு படம் பார்க்கிற காசுதான்.

இந்தப் பக்கத்துக்கு ரூட் மேப் போடுவது ஒன்றும் புதுசு இல்லை. சங்க காலத்திலேயே நல்லூர் நத்தத்தனார் போட்டுவிட்டார். சிறுபாணாற்றுப்படை என்று தமிழ் செகண்ட் பேப்பருக்கு மனப்பாடம் செய்தோமே... அது ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போகிறவனுக்கு வழி சொல்கிற பாட்டு. கடற்கரையில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர், அங்கே பரதவர் வீட்டில் சுட்ட மீன் கிடைக்கும் என்று மெனு கார்டு வரை அதில் இருக்கிறது. அந்த எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணக்கு. அந்தப் பாணன் கடலில் இருந்து உள்நாட்டுக்குப் போனான். நாங்கள் எட்டுப் பேர் பிப்ரவரிக் கடைசியில் ரிவர்ஸ் கியர் போட்டுக் கிளம்பினோம்.

முதலில் செஞ்சி. திண்டிவனத்தில் இருந்து பஸ்ஸில் 28 கிலோமீட்டர். ஊர் வருவதற்கு முன்பே மலைகள் வந்துவிடுகின்றன. மலை என்றால் மரம் மூடிய மலை இல்லை. யாரோ லாரி லாரியாக உருண்டைப் பாறைகளைக் கொட்டிவிட்டு மறந்து போனமாதிரி இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துப் பிடித்து ஒரு மதில். நாங்கள் ஏறியது ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். 'இவ்ளோதானா?' என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த நண்பன் கேட்டான். பாதியிலேயே அவன் தண்ணீர் பாட்டில் காலி. என்னுடையதும்!

எங்களுக்குக் கிடைத்த கைடு அண்ணன் உள்ளூர்க்காரர். நாற்பது வயசு இருக்கும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். "தம்பி, ராஜா கதை எல்லாம் மேல போய்ச் சொல்றேன். மொதல்ல இந்தக் குளத்தைப் பாருங்க" என்று செட்டிக்குளத்தைக் காட்டினார். அடுத்தது சக்கரக்குளம். அப்புறம் யானைக்குளம். எட்டு மாடி கல்யாண மகாலையும் பிரமாண்டமான நெற்களஞ்சியத்தையும் பார்த்து வாய் பிளந்த எங்களுக்குக் குளத்தில் என்ன இருக்கு என்று தோன்றியது.

மேலே போனதும் புரிந்தது. ராஜகிரி உச்சிக்குப் போகும் முன் ஒரு பிளவு வருகிறது. ஆழம் கிட்டத்தட்ட 60 அடி. அதன் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் ஆட்டம் க்ளோஸ், ஒருத்தன் மேலே வர முடியாது. 1677-ல் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் அவுரங்கசீப்பின் படையிடம் தப்பி இங்கேதான் வந்து உட்கார்ந்தார். முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் கீழே கூடாரம் போட்டுக் காத்திருந்தான். ஒரு மாசம், ரெண்டு மாசம் இல்லை... ஏறக்குறைய எட்டு வருஷம்! நம்ம டிகிரி முடித்து, பி.ஜி. முடித்து, எம்.ஃபில். அரியரும் க்ளியர் பண்ணிவிடலாம். 1698 ஜனவரியில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

"எட்டு வருசம் மேல இருந்தவங்க எதைக் குடிச்சிருப்பாங்க? மழைத் தண்ணிதான் தம்பி. பீரங்கி இருந்தா போதுமா? குளம் ரொம்பலைனா கோட்டை காலி" என்றார் கைடு அண்ணன். சுனை, குளம், கல்யாண மகாலுக்குத் தண்ணீர் ஏற்றிய மண்குழாய்... கோட்டை முழுக்க மழையைப் பிடித்து வைக்கிற ஏற்பாடுதான். மதிலை நாம் போட்டோ எடுக்கிறோம், அந்த ஊர்க்காரர் குளத்தைக் காட்டுகிறார். எனக்கு அவர் கட்சிதான் சரி என்று பட்டது.

அப்புறம்தான் தேசிங்கு ராஜன் கதை. பாட்டி சொல்லிக் கேட்ட அதே தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714-ல் செத்தபோது வயது 22 என்கிறார்கள். ஃபைனல் இயர் வயசு! ஒரு சின்னப் படையை வைத்துக்கொண்டு மோதினான். தோற்றவனைத்தான் மூன்று நூற்றாண்டாக ஜனங்கள் பாட்டாகப் பாடுகிறார்கள். ஜெயித்தவர் பெயர் கீழே இருக்கிற மசூதியில் மட்டும் இருக்கிறது. அடுத்து பிரெஞ்சுக்காரர்கள் 1750-ல் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். பாண்டிச்சேரி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற தூண்களின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அவை செஞ்சியில் இருந்து பெயர்த்துக்கொண்டு போனவை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், பன்னிரண்டாவது நம்ம செஞ்சி. அதற்கு முன்பே வந்துவிட்ட மகா கலைஞர்கள் நெற்களஞ்சியச் சுவரில் அம்பு விட்ட இதயத்தோடு இனிஷியல் போட்டிருக்கிறார்கள். உலகப் பாரம்பரியத்தில் நம் பங்கு!

மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே ஏறிவிடுங்கள். குரங்குகள் ஜாஸ்தி. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் அது உங்களுடையது இல்லை.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் இறங்கினோம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். மண்குதிரைகளைத் தாண்டிப் பின்னால் போனால் திடீரென்று வெளிச்சம் குறைகிறது. ரோட்டில் இருந்த சூடு காணோம். மழைக்காடா என்று கேட்டால், இல்லை. வருஷத்தில் மூணு மாசம் மழை, மீதி மாசம் வெயில் என்று இருக்கிற இந்தக் கரையில் மட்டும் வளரக் கற்றுக்கொண்ட பசுமை மாறாக் காடு. காயா, வீரை, பாலை, நாவல், வெப்பாலை... மரம் ரொம்ப உயரம் இல்லை, இலை சின்னதாக, தடிப்பாக, எண்ணெய் தடவியமாதிரி மினுங்குகிறது. தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிற டெக்னிக்! ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையோரம் பரவிக் கிடந்த காடு இது. இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாக மிச்சம். "சாமி காடு, குச்சி ஒடிக்கக் கூடாது" என்று ஊர் ஜனங்கள் சொன்ன ஒரே வார்த்தையில்தான் இது பிழைத்திருக்கிறது. எத்தனை போர்டு வைத்தாலும் இந்த எஃபெக்ட் வராது.

ராத்திரித் தங்கல் ஆரோவில் பக்கம், காட்டுக்குள் ஒரு கீற்றுக் குடிசையில். சோலார் விளக்கு ஒன்பது மணிக்கு ஆஃப். ஃபேன் கிடையாது. கொசுவலை உண்டு. சாப்பாடு கேழ்வரகுக் கஞ்சியும் பூசணிக் கூட்டும், தட்டை நாமே கழுவ வேண்டும். ஹாஸ்டல் மெஸ்ஸைத் திட்டுகிற வாய்கள் சத்தமில்லாமல் ரெண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டன.

எங்களைக் கூட்டிப் போன அக்கா ஒரு பழைய போட்டோவைக் காட்டினார். செம்மண் பொட்டல். மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்கள். நாங்கள் படுக்கப் போகிற இடம்தான் அது! 1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேட்டு நிலத்தில் ஒண்ட நிழல் கிடையாது. முதல் வேலை மரம் நடுவது இல்லை, கரை போடுவது. விழுகிற மழையை ஓட விடாமல் நிறுத்தி, அப்புறம் எதையும் தாங்குகிற அகேசியாவை நட்டு, அதன் நிழலில் இந்த மண்ணின் மரங்களை வளர்த்தார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து மரங்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. "வெளியூர் மரம் நிறைய விழுந்துச்சு. அந்த இடத்துலதான் உள்ளூர்க் கன்னு கிடுகிடுன்னு மேல வந்துச்சு" என்றார் அக்கா. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். "எல்லாரும் வெளில வந்து நனைவோம்" என்று சிரித்தார்.

ராத்திரி ஆந்தைச் சத்தம். ஒருத்தி பயத்தில் டார்ச்சை அணைக்கவே இல்லை.

விடியற்காலை நாலரைக்கு எழுப்பி வேனில் ஏற்றினார்கள். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் கழுவேலி ஏரி. புலிக்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி என்பார்கள். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதன் முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகம் கட்டக் கிளம்பி, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. படகு நிறுத்த இடம் வேண்டும் என்கிற மீனவரின் நியாயமும், முகத்துவாரத்தை நோண்டினால் ஏரியே மாறிவிடும் என்கிற நியாயமும் ஒரே தண்ணீரில் நிற்கின்றன.

மரக்காணம்! தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்துப் பெயர் சொல்கிற உப்பளம். சூரியன் வருவதற்கு முன்பே பாத்திகளில் ஆட்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று எட்டு மணிக்குத் தெரிந்தது. தரை முழுக்கக் கண்ணாடி. கீழே இருந்து வெயில் அடிக்கிறது.

வேலை பார்க்க சிம்பிள். உவர்நீரை ஒரு பாத்தியில் விட்டுக் காய வைத்து, அடுத்ததற்கு மாற்றி, கடைசிப் பாத்தியில் உப்பாக்கி வாரிக் குவிக்க வேண்டும். சூட்சுமம் டிகிரியில். கடல் நீர் பாமே கருவியில் மூணரை டிகிரி காட்டும். 25-ஐத் தொட்டால் உப்பு உட்கார ஆரம்பிக்கும். 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசியம் சேர்ந்து கசக்கும். கருவியே இல்லாமல் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார் அங்கே இருந்த ஓர் அம்மா. நம்ம கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் ரீடிங்கைப் பக்கத்து பெஞ்சில் காப்பி அடிப்பவர்கள் கவனிக்கவும்!

அவர் காலைக் காட்டினார். பாதம் வெள்ளையாக வெடித்திருந்தது. "பூட்ஸ் போட்டா பாத்தி கலங்கிடும் கண்ணு. போடாம இருந்தா கால் போயிடும்."

"மழை வந்தா கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்குமாம்மா?" என்று எங்கள் க்ரூப்பில் ஒருத்தி கேட்டாள்.

"ரெஸ்ட்டு இல்ல, லீவு. கூலி இல்லாத லீவு. ஒரு நாள் பேஞ்சாலும் பத்து நாள் வேலை கரைஞ்சு போயிடும்."

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கம்தான் கரை ஏறியது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. செஞ்சிக் குளங்களுக்கும் ஆரோவில் காட்டுக்கும் உயிரான அதே மழையில் உப்பளம் எல்லாம் முழுகிக் கிடந்தது. வருஷா வருஷம் அக்டோபரில் இருந்து எப்படியும் வேலை நின்றுவிடும். அந்த மாசங்களுக்கு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் என்று 2022-ல் தமிழக அரசு ஒரு நிவாரணத்தைத் தொடங்கியது. உங்களுக்குக் கிடைத்ததா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "மூணு மாசத்துக்கு எவ்ளோ கண்ணு அரிசி வாங்கலாம், நீயே கணக்குப் போடு" என்றார். போட்டுப் பார்த்தேன். பாஸ் மார்க் வரவில்லை.

கிளம்பும்போது ஒரு கேரிபேக் நிறைய கல்லுப்பு அள்ளிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்தித் திணிக்க வேண்டி இருந்தது. "மாவடு போடச் சொல்லு உங்கம்மாவை. இந்த உப்புல போட்டா கெடாது."

டைம் மிச்சம் இருந்தால் வடக்கே கடப்பாக்கம் வரை போய் ஆலம்பறைக் கோட்டையைப் பாருங்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் இடித்த கடற்கரைக் கோட்டை. செங்கல் மதிலின் மிச்சம், பின்னால் காயல், அவ்வளவுதான். ஏறவும் தேவை இல்லை.

எப்போது போகலாம்? டிசம்பர் என்றால் காடு பச்சையாக இருக்கும், கழுவேலியில் பறவைகள் நிறைந்திருக்கும், உப்பளம் வெறும் குளமாகக் கிடக்கும். ஏப்ரல், மே என்றால் உப்பு மலைமலையாகக் குவிந்திருக்கும், செஞ்சிப் பாறையில் ஆம்லெட் போடலாம். பிப்ரவரிக் கடைசிதான் சரி. மாடல் எக்ஸாம் வருமே என்கிறீர்களா? அது உங்க ஹெச்.ஓ.டி.யிடம் பேச வேண்டிய விஷயம்.