மாத்திரை அட்டை

ஜூன் 3, 2024, திங்கள்
தூரமாகி இரண்டாம் நாள். ராத்திரி சாப்பிட்டதும் மாலா-என் கருத்தடை அட்டையில் முதல் மாத்திரையைப் போட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். அதற்கு முன் சிஸ்டர் பிரஷர் பார்த்தார். ஒற்றைத் தலைவலி வருமா, காலில் ரத்தம் கட்டியிருக்கிறதா, குழந்தை பால் குடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாப்பாவுக்கு இரண்டு வயது, பால் மறந்தாச்சு.

ஜூன் 6, வியாழன்
வேலைக்குப் போகையில் பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே குமட்டல். மார்பு கனக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்
குமட்டல் குறைந்துவிட்டது. ஆனாலும் சிஸ்டரைப் பார்த்து, "உள்ளே போய் என்னதான் பண்ணுது?" என்று கேட்டேன். உட்கார வைத்துச் சொன்னார்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறதாம். மாசாமாசம் அது அனுப்பும் ஒரு ஹார்மோனால்தான் சினைப்பையில் முட்டை வளர்கிறது; இன்னொன்று திடீரென்று பொங்கும்போது முட்டை வெளியே வருகிறது. மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம். இந்த இரண்டு ஹார்மோன்களும் தினமும் ரத்தத்தில் இருப்பதால் சுரப்பி அடங்கியே கிடக்கும். பொங்குவதும் இல்லை, முட்டையும் வெளிவராது. கருப்பை வாயில் உள்ள சளியும் கெட்டியாகி விந்தணுவை உள்ளே விடாது.

இத்தனை வருஷம் என் உடம்புக்குள் நடந்ததை இன்றைக்குத்தான் ஒருத்தர் எனக்குச் சொல்கிறார். பத்தாம் வகுப்பில் இதைப் பற்றிய பாடத்தை டீச்சர் வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டார்.

ஜூன் 20, வியாழன்
நேற்று ஓவர்டைம். ஆவடி வீட்டுக்கு வந்து சேர மணி பதினொன்றரை. மாத்திரையை மறந்தே போனேன். காலையில் பதறிக்கொண்டு சிஸ்டருக்குப் போன் பண்ணினேன். "ஒண்ணுதானேம்மா? இப்பவே போடு, ராத்திரி வழக்கம்போல அடுத்ததைப் போடு. தொடர்ந்து ரெண்டோ அதுக்கு மேலயோ விட்டா ஏழு நாள் ஆணுறையும் வேணும்" என்றார். இனிமேல் செல்போனில் அலாரம்.

ஜூன் 24, திங்கள்
ஹார்மோன் மாத்திரை 21 முடிந்தது. மிச்சம் ஏழும் வேறு நிறம், வெறும் இரும்புச்சத்து.

ஜூன் 27, வியாழன்
லேசாக ரத்தம் பட்டது. ஹார்மோன் நின்றதால் கருப்பையின் உள்சுவர் உதிர்கிறதே தவிர, முட்டை வந்துபோன தூரம் இல்லையாம். அத்தை, "கம்மியா படுதே, கெட்ட ரத்தம் உள்ள தங்கிடுமேம்மா" என்று கவலைப்பட்டார். சுவர் மெலிசாகத்தான் வளர்ந்தது, தங்குவதற்கு ஒன்றுமில்லை அத்தை என்றேன். கேட்டுக்கொண்டார்.

ஜூன் 30, ஞாயிறு
அப்பாவின் அலமாரியில் 'பெண் ஏன் அடிமையானாள்?' கிடைத்தது. மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகக் கர்ப்பத்தடை கேட்டபோது, பெரியார் பெண்ணின் விடுதலைக்காகவே கேட்டிருக்கிறார். எனக்கும் அதற்குத்தான் வேண்டும். வேலையில் சூப்பர்வைசர் ஆவதற்கான பரீட்சை டிசம்பரில். புது அட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளை ராத்திரி முதல் மாத்திரை.