பாயில் போகும் எறும்புகள்

சிநேகிதரின் மகள் வெளியூரில் துணி வடிவமைப்பு படிக்கிறாள். கடைசி வருடத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சின்ன வயதில் கேட்ட கதையிலிருந்து ஒரு துணிக்கான வடிவத்தை உருவாக்க வேண்டும். லீவுக்கு வந்தவள் நோட்டை விரித்துக் காட்டினாள். நிலாவில் முயல், தும்பிக்கையைத் தூக்கிய யானை, இறக்கை முளைத்த குதிரை. கைத்திறன் நன்றாகவே இருந்தது. "எல்லாமே எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு மாமா" என்றாள். இருக்கத்தான் செய்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரி ஜன்னல் திரையில் பார்த்த மாதிரி இருந்தது.

அம்பாசமுத்திரம் மரச் சொப்புச் சாமானுக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அவள் அப்பா கத்தரித்து வைத்திருந்தார். "பொம்மை செய்கிற ஊருக்கே கூட்டிப் போயேன்" என்றார். நானும் பெரிதாகத் திட்டம் போட்டேன். பத்தமடையில் அரை மணி நேரம், வீரவநல்லூரில் செடிபுட்டாச் சேலை நெய்கிற தறிகள் (அதற்கு 2023-இல் குறியீடு கிடைத்தது), மத்தியானச் சாப்பாட்டுக்கு அம்பை என்கிற அம்பாசமுத்திரம். திருநெல்வேலியில் பாபநாசம் பஸ் ஏறினோம். அன்றைக்கு நாங்கள் பத்தமடையைத் தாண்டவே இல்லை.

பத்தமடைப் பாயைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் போனேன். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. ஆச்சியின் கல்யாணப் பாய். விசேஷ நாட்களில் மட்டும் பரணிலிருந்து இறங்கும். அதன் சிவப்புக் கரைதான் எனக்கு அம்பாசமுத்திரம் ரோடு. தீப்பெட்டிதான் பஸ். கரை திரும்புகிற மூலைக்கு நானே சேர்மாதேவி என்று பெயர் வைத்திருந்தேன். அந்த ஸ்டாப்பில் இறங்க ஆள் இல்லாத நாளில் ஒரு புளியங்கொட்டை இறங்கும்.

தெரு முனையில் விசாரித்ததும் ஒரு பையன் நேரே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டான். அறுபதைத் தொடுகிற வயதில் ஒரு அம்மா, தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"பாயி வாங்க வந்தியளா, பாக்க வந்தியளா?"

பார்க்கத்தான் என்றேன். "பாக்க வாரவுகதான் ஜாஸ்தி. உள்ள வாங்க" என்றார்.

கோரையைப் பாயாக்குகிற வேலைகளை அவர் வரிசையாகச் சொன்னார். பச்சையாக அறுப்பது, கீறுவது, காயவைப்பது, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவது, மறுபடி காயவைப்பது, சாயம் ஏற்றுவது. பாதியிலேயே என் கவனம் போய்விட்டது. எது முன்னால், எது பின்னால் என்று இப்போது கேட்டால் உளறுவேன். மனதில் தங்கியவை இரண்டு. ஊறுகிற தண்ணீர் ஓடுகிற தண்ணீராக இருக்க வேண்டும், அதுவும் தாமிரபரணியாக இருந்தால் கோரைக்கு ஒரு வழுவழுப்பு வரும் என்று அவர் அழுத்திச் சொன்னது ஒன்று. முன்பு பதிமுகக் கட்டையைக் காய்ச்சிச் சிவப்பு எடுத்தார்கள், இப்போது கடையில் வாங்கும் பொடிதான் என்றது இன்னொன்று. ஆற்றோரக் கோரையும் அருகிப்போய், காவிரிக்கரையிலிருந்து லாரியில் வருகிறது. தாமிரபரணியின் பெயரைச் சொல்லி விற்கிற பாயில் காவிரிப் புல்!

தறியைப் பார்த்ததும் கவனம் திரும்ப வந்தது. தறி என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய பருத்தி நூல் பாவு, தாங்குவதற்கு மூங்கில், குந்தி உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான். மிதி இல்லை, நாடா இல்லை, வடிவத்துக்குத் துளையிட்ட அட்டை இல்லை. அச்சு மட்டும் உண்டு. நெடுக ஓட்டை போட்ட ஒரு கட்டை. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒரு பாவு நூல். கட்டையை இந்தப் பக்கம் சாய்த்தால் ஒன்றுவிட்டு ஒரு நூல் மேலே வருகிறது. அந்தப் பக்கம் சாய்த்தால் கீழே கிடந்தவை மேலே வருகின்றன. அந்த இடைவெளியில் நீளக் குச்சியால் ஒரு கோரையை ஓட்டி, அச்சாலேயே தட்டிச் சேர்க்கிறார். கோரையின் அடிப்பக்கம் தடிமன், நுனி மெலிவு. அதனால் ஒன்றுக்கு அடி இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம். இதை மறந்தால் பாய் ஒரு பக்கம் வீங்கிவிடும். நூறு கவுண்ட், நூற்றி நாற்பது கவுண்ட் என்கிற பட்டுப்பாய்க்கு மயிர்போலக் கீறிய கோரை. அதைச் சேலைபோல மடித்துப் பெட்டியில் வைக்கலாம். ஒரு பாய்க்கு மாதக்கணக்கில் ஆகும்.

அந்த அச்சுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவருடைய உம்மா புழங்கியது. கைபடும் இடம் இரண்டும் குழிந்து மினுமினுத்தன. பாயின் நெருக்கத்தை முடிவு செய்வது அந்த ஓட்டைகள்தான். யாரோ ஒரு தச்சர் எந்தக் காலத்திலோ போட்ட கணக்குக்குள் இன்றும் இவர் நெய்துகொண்டிருக்கிறார். சில ஓட்டைகள் தேய்ந்து பெருத்துவிட்டன. அந்த இடத்தில் நூல் தளர்ந்து பாயில் மெல்லிய ரேகை விழும். "அது எங்க உம்மா ரேகை. வியாபாரி அதப் பாத்தா வெலயக் கொறைப்பான்" என்றார்.

இதற்குள் சிநேகிதர் மகள் கரையோரத்தில் குனிந்துவிட்டாள். நெய்து முடிந்து சுருட்டியிருந்த ஒரு பாயின் ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். சீராகப் போகின்றன, ஓரிடத்தில் நெருங்குகின்றன, மறுபடி விலகுகின்றன.

"இது என்ன டிசைன்ம்மா?"

"அதா? எறும்பு."

சுலைமான் நபி கதை. காற்றை ஏவலுக்கு வைத்திருந்த அரசர், பறவையோடும் பூச்சியோடும் பேசத் தெரிந்தவர், படையோடு ஒரு பள்ளத்தாக்கு வழியாக வருகிறார். அங்கே ஒரு எறும்பு மற்ற எறும்புகளைப் பார்த்து, சீக்கிரம் வீட்டுக்குள் போங்கள், அந்தப் படை தெரியாமல் நம்மை மிதித்துவிடும் என்கிறது. அதைக் கேட்ட அரசர் சிரிக்கிறார். குர்ஆனில் எறும்பின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அரசரை ஒரு பெரிய விரிப்பில் ஏற்றிக் காற்று தூக்கிப் போகும் என்பது பிற்காலத்துக் கதைசொல்லிகள் சேர்த்தது. இவருடைய உம்மா அதைப் பாயாக்கிவிட்டார். "பத்தமடையில நெஞ்ச பாயின்னுதான் சொல்லுவா. நான் நம்பிட்டேன். ராத்திரி பாயில படுத்தா, நாலு மூலையிலயும் யாரும் காலு வச்சிருக்காவளான்னு பாப்பேன். தூக்கும்போது விழுந்துடக் கூடாதுல்லா."

"அப்ப எறும்பையே போடலாமே? இது வெறும் புள்ளி!" என்றாள் சிநேகிதர் மகள்.

"உசுருள்ளத நெய்யாதன்னு வாப்பா சொல்லிட்டாக. தொழுகப் பாயில கண்ணு மூக்கு இருக்கப்படாது. அதான் எறும்பு போன தடத்த மட்டும் போட்டேன். எறும்பு இல்ல அது."

அவள் நோட்டைத் திறந்து தும்பிக்கை தூக்கிய யானையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மூடினாள்.

பிறகு கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. கோணல் மாணலாகப் போகும் ஒரு சிவப்புக் கரையைக் காட்டினார். அது மாடு. கன்னடியன் கால்வாய்க் கதை எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டதுதான். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், கையிலிருக்கும் பொருளை நல்ல காரியத்துக்குச் செலவழிக்க வழி கேட்கிறார். அகத்தியர் சொல்கிறார், ஒரு பசுவின் பின்னால் போ. அது நடக்கிற வழியெல்லாம் கால்வாய் வெட்டு. படுக்கிற இடத்தில் குளம், கோமியம் விடுகிற இடத்தில் மடை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் ஒன்று. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிரிகிற அந்தக் கால்வாய் வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று வளைந்து வளைந்து பத்தமடை வயல் வரைக்கும் பாய்கிறது. பத்து மடை உள்ள ஊர் என்பதே பத்தமடை ஆயிற்று என்பார்கள்.

"நான் உம்மாட்ட கேப்பேன், அப்ப மாடு எங்க ஊருல மட்டும் பத்து தரமா போச்சுன்னு. அடிக்க வருவா."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் நெய்யும் கரையில் மாடு இல்லை, மாட்டு வழி இருக்கிறது. இரண்டு பாவு இந்தப் பக்கம், மூன்று பாவு அந்தப் பக்கம். பத்து இடத்தில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி. மடை. இதைக் கணக்காக எண்ணி வைப்பதில்லையாம். கை போகிற போக்கில் மாட்டை நடக்க விடுவாராம். "அதுக்குப் பசிச்சா ஓரமாப் போவும்."

எட்டு வயதில் உம்மாவுக்குக் கோரை எடுத்துக் கொடுக்க உட்கார்ந்தவர். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. கோரை எடுத்துக் கொடுக்கிற பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் உம்மா கதை சொன்னாள். அச்சுத் தட்டுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு வரி, தட்டல், ஒரு வரி, தட்டல். "பேய்க்கதைன்னா வேகமாத் தட்டுவா. அன்னிக்கி ஒரு சாண் கூட நெஞ்சிருப்போம்." கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் புருஷன் இறந்ததும் மறுபடி இதே தறிக்கு வந்தார். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தது இந்த அச்சு. பெண்கள் தறிப் பக்கம் வருவதில்லை. ஒருத்தி தையல், ஒருத்தி பீடி. மேலப்பாளையத்தில் இருக்கிற பேத்திக்குப் போனில் கதை சொல்கிறார். பாதியிலேயே பேத்தி வீடியோ பார்க்கப் போய்விடுகிறாளாம்.

இப்போது வடிவம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். வியாபாரி அனுப்பிய படங்கள். மயில், தாமரை, ஏதோ ஒரு கம்பெனியின் முத்திரை, மாப்பிள்ளை பெண் பெயரும் முகூர்த்தத் தேதியும். இத்தனை பாவுக்கு இந்த நிறம் என்று கட்டம் போட்ட தாள். எண்ணி எண்ணி நெய்ய வேண்டியதுதான். ஒரு பெயரில் ஒற்றெழுத்து தப்பாக இருந்ததைத் திருத்தி நெய்ததற்குக் கூலியில் பிடித்தார்களாம், தாளில் உள்ளபடி இல்லை என்று. தமிழுக்கு அபராதம்!

எறும்புப் பாயை யார் வாங்குவார் என்று கேட்டேன். யாரும் கேட்டு நெய்ததில்லை. ஆர்டர் இல்லாத மாதத்தில் தனக்காகப் போடுவது. முன்பு ஒருமுறை ஒரு வியாபாரி அப்படி ஒரு பாயைச் சாதாரணப் பாய் விலைக்கு எடுத்துக்கொண்டு போனார். 'புள்ளி விழுந்த பாய்' என்று அதற்குக் குறைத்தார். பிறகு சென்னையில் வேலை பார்க்கிற உறவுக்காரப் பெண் ஒரு கடையில் அதே பாயைப் பார்த்திருக்கிறாள். சுவரில் தொங்கியதாம். பக்கத்தில் ஓர் அட்டையில் ஆற்றங்கரை மரபின் கதை என்று என்னவோ ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததாம். அங்கே போட்டிருந்த விலையைச் சொன்னார். தான் வாங்கிய கூலியையும் சொன்னார். இரண்டையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறுபடி ஆர்டர் வர வேண்டுமே.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்தக் காலத்தில் பொருளைவிடக் கதைக்குத்தான் விலை என்று விற்பனைப் பாடம் நடத்துகிறார்கள். சரி, கதைக்கு விலை என்றால் கதைக்காரிக்கு எவ்வளவு? கோரைக்குக் கூலி, நூலுக்குக் கூலி, சாணுக்கு இவ்வளவு என்று கூலி. எறும்புக்குக் கூலி இல்லை. அதோடு எறும்பு வந்ததற்காகக் கூலி குறைகிறது. அதே எறும்பு சென்னை போய் இறங்கியதும் மரபாகி, பக்கத்தில் ஓர் அட்டையும் நின்று, விலை ஏறுகிறது. நடுவில் ஒருவர் ஏறக்குறைய நானூறு மைல் லாரி வாடகை கொடுத்தார், கடைக்கு வாடகை கொடுத்தார், ஒத்துக்கொள்கிறேன். அட்டையில் கதை எழுதிய ஆளுக்கும் காசு கொடுத்திருப்பார். அந்த ஆள் பத்தமடை பஸ் ஸ்டாப்பில்கூட இறங்கியிருக்க மாட்டார். பத்தமடைப் பாய்க்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, 2012-13-இலேயே வந்தது. வேறு ஊர்ப் பாயைப் பத்தமடை என்று சொல்லி விற்காமல் அது தடுக்கலாம். பத்தமடைக்குள்ளேயே ஒரு பெண்ணுடைய எறும்பை எடுத்துக்கொண்டு போனால் கேட்க அதில் ஒரு வழியும் இல்லை. 1953-இல் இங்கிலாந்து ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நெய்த கை யாருடையது என்று கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடமே கொஞ்சம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீ ஆறுது தம்பி" என்றார்.

சிநேகிதர் மகள் தறிப் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நாலு கோரை ஓட்டுவதற்குள் முதுகு போயிற்று. மூன்றாவதில் அடியையும் நுனியையும் மாற்றி வைக்க மறந்தாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை உருவி எடுத்துவிட்டுக் கேட்டார், "ஒனக்கு யாரு புள்ள கதை சொன்னா?"

அவள் யோசித்தாள். அப்பா சொன்னதில்லை. அம்மாவுக்கு ஆபீஸ். கடைசியில் தயங்கிக்கொண்டே சொன்னாள், "எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வருவாங்கல்ல, அந்தக் கோமதியக்கா. ஒரு கதைதான் தெரியும் அவங்களுக்கு. கிணத்துக்குள்ள விழுந்த செம்பு, அடியில இன்னொரு ஊருக்குப் போயிடும். தினமும் அதே கதை, ஊரு மட்டும் வேற."

"செம்ப வரையாத. கிணத்துத் தண்ணியில வட்டம் வட்டமா வரும்லா, அத வரை."

அவள் பஸ்ஸில் திரும்பும்போது வரைய ஆரம்பித்து, திருநெல்வேலி வருவதற்குள் ஒன்பது பக்கம் கிழித்துப்போட்டாள். வீரவநல்லூருக்கும் அம்பைக்கும் இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எறும்புப் பாயை நான் வாங்கிக்கொண்டேன். விலையை அவரையே சொல்லச் சொன்னேன். சொன்னது எனக்குக் குறைவாகப் பட்டது. கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் விரித்து இரவு வெகுநேரம் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கக் கரையில் இருநூற்றுப் பதினாறு. மறுபக்கம் இருநூற்றுப் பதினைந்து. மறுநாள் காலை போன் செய்து சொன்னேன், குறையாகச் சொல்லவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று.

அந்தப் பக்கம் அச்சுத் தட்டும் சத்தம் நின்றது.

"நல்லா எண்ணுனியளா? அப்ப ஒண்ணு வீட்டுக்குள்ள போயிருக்கும் தம்பி. சொன்ன பேச்சக் கேட்டது அது ஒண்ணுதான்" என்றார்.