மழை வந்தால் பூட்ஸ்! - 1934 கல்கத்தா லீக் கதை

வத்திராயிருப்பு, கான்சாபுரம் பக்கம் மழைக்காலத்தில் வயல் வரப்பில் நடந்தவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித்தர வேண்டியதில்லை. சேறு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கால்விரலை ஊன்றி நடந்தால் தப்பிக்கலாம். செருப்போடு போனால் செருப்பு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்!

ஆனால் 1934-ல் கல்கத்தாவில் ஒரு கால்பந்து கிளப் இதை அப்படியே தலைகீழாகச் செய்தது. தரை காய்ந்திருந்தால் வெறுங்கால். மழை பெய்து மைதானம் சேறானால் பூட்ஸ். அந்த வருடம் அந்த கிளப் செய்த காரியத்தை அதற்கு முன்னால் எந்த இந்திய கிளப்பும் செய்ததில்லை. கிளப்பின் பெயர் முகமதன் ஸ்போர்ட்டிங்.

இன்றைக்கு ஆர்சனல், செல்சி, மான்செஸ்டர் என்று ராத்திரி ஒரு மணி வரை கண் விழித்து மேட்ச் பார்க்கிற நம்மூர்ப் பையன்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பின்னணி. கல்கத்தா கால்பந்து லீக் 1898-ல் தொடங்கியது. ஆடியது யார்? பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர்களின் கிளப்புகளும். இந்தியர்களுக்கு இடமே இல்லை. நம் நாட்டில், நம் மண்ணில் ஆட்டம், நாம் வேலிக்கு வெளியே!

1911-ல் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை வென்றது பலருக்கும் தெரிந்திருக்கும். ஜூலை 29 அன்று இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தார்கள். பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார சிப்பாய்களை வெறுங்காலோடு ஜெயித்தார்கள் என்பதால் அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. நூறு வருடம் கழித்து 2011-ல் அதைப் பற்றி வங்காளத்தில் சினிமாவே வந்தது.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் லீகில் உடனே இடம் கொடுத்தார்களா என்றால், இல்லை. 1914-ல்தான் மோகன் பகானை இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார்கள். அடுத்த வருடம் முதல் டிவிஷன். அதற்கும் ஒரு நிபந்தனை. முதல் டிவிஷனில் இரண்டு இந்திய கிளப்புகளுக்கு மேல் கூடாது! 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கிளப் இந்த விதியோடு மல்லுக்கட்டித்தான் 1925-ல் மேலே வந்தது.

சரி, உள்ளே வந்தாகிவிட்டது. ஜெயித்தார்களா? அதுதான் நடக்கவில்லை. வருடா வருடம் யாராவது ஒரு படைப்பிரிவோ ஐரோப்பிய கிளப்போ லீகை எடுத்துக்கொண்டு போய்விடும். 1931, 1932, 1933 மூன்று வருடமும் டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற ராணுவ அணி சாம்பியன். ஈஸ்ட் பெங்கால் அருகில் வரை வந்து இரண்டாம் இடத்தோடு திரும்பியது. 1898 முதல் 1933 வரை ஒரு இந்திய கிளப் கூட லீகை ஜெயிக்கவில்லை.

1911-ல் ஷீல்டை ஜெயித்தவர்களால் ஏன் லீகை ஜெயிக்க முடியவில்லை? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஷீல்டு ஒரு நாக்-அவுட் போட்டி. சில ஆட்டங்கள்தான். அந்தச் சில நாட்கள் உயிரைக் கொடுத்து ஆடினால் கோப்பை கையில். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து படித்து பாஸ் செய்வது மாதிரி. லீக் அப்படி இல்லை. அது செமஸ்டர் முழுக்கப் போடுகிற இன்டர்னல் மார்க். எல்லா அணியோடும் ஆட வேண்டும். ஒரு நாள் ஆவேசமாக ஆடி மறுவாரம் சொதப்பினால் புள்ளி போய்விடும். அன்றைக்கு ஜெயித்தால் 2 புள்ளி, டிரா என்றால் 1 புள்ளி. கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது ஆவேசத்துக்குத் தனி மார்க் கிடையாது!

இன்னொரு வில்லன், மழை. கல்கத்தா லீக் கோடையில் தொடங்கி ஜூன், ஜூலை மழைக்குள் போகும். நம் பக்கம் மலைக்கு இந்தப்புறம் அந்த மாதங்களில் வெறும் காற்றுதான், நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அங்கே ஜூன் மாதத்திலேயே வெளுத்து வாங்கும். காய்ந்த தரையில் வெறுங்கால் ஆட்டக்காரன் ராஜா. பந்து காலோடு பேசும். சட்டென்று திரும்பலாம். அந்தக் காலத்து பூட்ஸோ கணுக்கால் வரை மூடுகிற கனமான தோல் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவனை வெறுங்காலன் சுற்றிச் சுற்றி அலைக்கழித்துவிடுவான்.

மழை பெய்ததும் கதை மாறிவிடும். தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் கனமாகும். வெறுங்காலால் அதை உதைத்தால் வலிக்கும், தூரமும் போகாது. வரப்பில் மெதுவாக நடக்கும்போது விரலை ஊன்றிச் சமாளிக்கலாம். முழு வேகத்தில் ஓடிவந்து ஒற்றைக் காலில் நின்று திரும்பி உதைக்கும்போது விரல் என்ன செய்யும்? வழுக்கும். எதிரே வருகிற சிப்பாயின் பூட்ஸுக்கு அடியில் ஸ்டட் இருக்கிறது. அது சேற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக, மே மாதம் சேர்த்து வைத்த புள்ளியை ஜூன், ஜூலையில் கொட்டிவிடுவார்கள். வருடா வருடம் இதே கதைதான்.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. எல்லோருக்கும் தெரியும். ஆனால் வெறுங்கால் என்பது 1911-க்குப் பிறகு ஒரு பெருமையாக மாறியிருந்தது. பெருமையை யார் விடுவார்கள்?

1891-ல் தொடங்கப்பட்ட முகமதன் ஸ்போர்ட்டிங் பல காலம் பெரிதாகப் பேசப்படாத கிளப். 1933-ல்தான் இரண்டாம் டிவிஷனை ஜெயித்து 1934-ல் முதல் டிவிஷனுக்கு வந்தார்கள். செயலாளராக இருந்த சி.ஏ.அஜீஸ் கால்பந்தை ஒரு கணக்கு மாதிரி பார்த்த மனிதர். அவர் காலத்தில் இரண்டு முக்கியமான காரியங்கள் நடந்தன.

ஒன்று, ஆட்களைத் தேடியது. கல்கத்தா கிளப் என்றால் வங்காளத்துப் பையன்கள்தான் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு பெங்களூர், டெல்லி, குவெட்டா என்று எங்கெங்கிருந்தோ ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். கோல்கீப்பர் உஸ்மான், தடுப்பில் ஜும்மா கான், முன்னால் ரஹ்மத், ரஷீத் என்று அணி திரண்டது. இதில் பெங்களூர் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அந்த நாளில் தென்னிந்தியக் கால்பந்தின் பெரிய மையம் அது. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கிளப் 1937-ல் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையை வென்ற முதல் இந்திய கிளப் அதுதான். 1938-லும் அவர்களே.

இரண்டாவது, மழைக்கு பூட்ஸ். கனமான ராணுவ பூட்ஸ் இல்லை, எடை குறைந்த பூட்ஸ். ஈரத் தரையில் அதைப் போட்டு ஆடப் பழக்கினார்கள். வெறுங்காலில் வளர்ந்தவனுக்கு பூட்ஸ் போட்டால் பந்தே தெரியாது. முதலில் தடுமாறத்தான் செய்வான். பழகிவிட்டால் கையில் இரண்டு ஆயுதம். வெயிலில் வெறுங்காலின் வேகம், மழையில் பூட்ஸின் பிடிப்பு.

விளைவு? மேலே ஏறி வந்த முதல் வருடமே, 1934-ல், முகமதன் ஸ்போர்ட்டிங் லீக் சாம்பியன்!!

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய அதே காலத்து இங்கிலாந்தைப் பாருங்கள். எவர்ட்டன் கிளப் 1930-ல் முதல் டிவிஷனிலிருந்து கீழே தள்ளப்பட்டது. 1930-31-ல் இரண்டாம் டிவிஷனை ஜெயித்தது, 1931-32-ல் முதல் டிவிஷன் சாம்பியன். அந்த சீசனில் டிக்ஸி டீன் என்ற மகா கோல் மெஷின் அவர்களிடம் இருந்தார். 1927-28-ல் ஒரே லீக் சீசனில் 60 கோல் அடித்த மனிதர், சும்மாவா? ஏறி வந்த உடனே சாம்பியன் ஆவதை இங்கிலாந்தில் இன்றைக்கும் அதிசயமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் எவர்ட்டன் அதற்கு முன்பே லீகை ஜெயித்துப் பழகிய பழைய கிளப். முகமதனுக்கு அதுதான் முதல் டிவிஷனில் முதல் வருடம்.

அதோடு நிற்கவில்லை. 1935, 1936, 1937, 1938... தொடர்ந்து ஐந்து முறை! 1936-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் சேர்ந்தது. முப்பதுகளில் இங்கிலாந்தை ஆண்ட ஆர்சனலே தொடர்ந்து ஜெயித்தது மூன்று முறைதான் (1933, 34, 35). 2024-ல் மான்செஸ்டர் சிட்டி தொடர்ந்து நான்கு முறை ஜெயித்ததே அங்கே முதல் தடவை. கல்கத்தா லீக் ஒரு நகரத்து லீக்தான், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ஐந்து ஐந்துதானே!

அப்படியானால் வெறுங்கால் ஆட்டம் மட்டமா? இல்லவே இல்லை. அதற்கும் சாட்சி இதே கிளப்பில் இருக்கிறார். முகமது சலீம். 1936-ல் இவர் உறவினர் ஒருவரோடு கப்பல் ஏறி ஸ்காட்லாந்து போனார். கிளாஸ்கோவின் செல்டிக் கிளப் மேனேஜர் வில்லி மேலியிடம் போய், இவர் வெறுங்காலோடு ஆடுவார், ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று உறவினர் கேட்டார். சிரிக்காமல் வாய்ப்பும் கொடுத்தார்கள். பாதத்தில் துணிக்கட்டு சுற்றிக்கொண்டு செல்டிக்கின் ரிசர்வ் அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். கால்ஸ்டனுடன் 7-1, ஹாமில்டனுடன் 5-1. இரண்டாவதில் சலீமே ஒரு பெனால்டி அடித்தார். அங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஊர் ஞாபகம் விடவில்லை, திரும்பி வந்துவிட்டார்.

ஆக, கேள்வி வெறுங்காலா பூட்ஸா என்பது இல்லை. இன்றைக்குத் தரை எப்படி இருக்கிறது என்பதுதான். 1934-ல் அவர்கள் கேட்டது இந்த ஒரு கேள்வியை.

வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு இந்திய கிளப் வெள்ளையரை லீகில் முந்தியதில் எல்லோருக்கும் சந்தோஷம். வங்காளத்து முஸ்லிம்களுக்கு அது கூடுதல் பெருமை. ஆனால் நாட்கள் போகப்போக வெளியே இருந்த மத அரசியல் மைதானத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. கோல் விழுந்தால் யார் கை தட்டுகிறார்கள் என்று பார்க்கிற காலம் வந்தது. ஆட்டக்காரர்கள் செய்த பாவம் இல்லை அது. ஆனால் 1934 வெற்றியை 1911 மாதிரி எல்லோரும் சேர்ந்து கொண்டாடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், வெறுங்கால் வெற்றியில் கதை இருக்கிறது. பூட்ஸ் வாங்கிப் பழகி ஜெயித்ததில் என்ன கதை இருக்கிறது?! நமக்கு ஏகலைவன் பிடிக்கும். ஒழுங்காகப் பயிற்சிக்குப் போனவனைப் பற்றி யார் பேசுவார்கள்?

அதற்கு நாடு கொடுத்த விலையைப் பாருங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்கால். பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றாலும் எல்லோரும் பாராட்டினார்கள். வெறுங்கால் பெருமை இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸ். குளிர். எதிரே யூகோஸ்லாவியா. முடிவு 10-1. பத்து கோல்! அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று விதி வந்தது. நான்கே வருடத்தில், 1956 மெல்போர்னில், இந்தியா அரையிறுதிக்குப் போய் நான்காம் இடம் பிடித்தது.

கல்கத்தாவில் ஒரு கிளப் 1934-லேயே செய்து காட்டிய பாடம். நாட்டுக்குப் புரிய 18 வருடமும் பத்து கோலும் தேவைப்பட்டன.

முகமதன் ஸ்போர்ட்டிங் பிறகு சரிந்தது. 1981-க்குப் பிறகு லீகை ஜெயிக்க 2021 வரை காத்திருந்தார்கள், 40 வருடம். அதன்பின் 2022, 2023-லும் ஜெயித்தார்கள். 2023-24 ஐ-லீகை வென்று ஐஎஸ்எல்லுக்கும் போனார்கள்.

விளையாட்டில் நம்மவர்கள் தோற்கும்போதெல்லாம் "நம்ம பசங்களுக்கு வெறி பத்தாது" என்று ஒரு வசனம் டீக்கடையில் விழும். 1898-லிருந்து 1933 வரை தோற்றவர்களுக்கு வெறி இல்லாமலா இருந்தது? அது ஏராளமாகவே இருந்தது. இல்லாமல் இருந்தது, மழை நாளுக்கு ஒரு பூட்ஸும் அதை முன்கூட்டியே யோசிக்கிற ஒரு செயலாளரும்தான். அடுத்த தடவை அந்த வசனத்தைக் கேட்டால், அந்தப் பையன்களுக்கு மைதானம் இருக்கிறதா, பூட்ஸ் இருக்கிறதா, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.