சீனன்குடாவுக்கு அக்கரை

சகோதரிகளே! சீனன்குடா செல்வோர் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூருக்கும், அப்படியே சம்பூருக்கும் போய் வாருங்கள்.

2006 போரில் மூதூர் முஸ்லிம்களும் சம்பூர்த் தமிழரும் வீடு வாசலை விட்டு வெளியேறினர். மூதூரார் சில வாரங்களில் திரும்பினர். சம்பூரார் பலருக்கோ 2015 வரை அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அதற்குள் அவர்கள் ஊரில் 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு இந்தியாவோடு ஒப்பந்தமாகிவிட்டது!

சுடுநீர் குடாவில் கலந்தால் மீனுக்கு என்னாகும்? சாம்பல் படிந்தால் வயலுக்கு? மக்கள் வீதிக்கு வந்தனர். சூழல் ஆர்வலர்கள் உயர் நீதிமன்றப் படியேறினர். 2016 செப்டம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு அங்கே தெரிவித்தது. அல்ஹம்துலில்லாஹ்!

மின்சாரமே வேண்டாமென்று யாரும் சொல்லவில்லையே. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்க விழா நடந்தது.