பதினேழு படி

ஈப்போக்காரன் என்ற திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். சன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று, சாமி கும்பிடப் போனால் குகைக் கோவில் என்று வளர்ந்தவன் நான். தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனைப் பார்த்து, சரவாக்கின் நியா தேசியப் பூங்கா முகப்பில் இருந்த பெண், டார்ச் லைட் வாடகைக்கு வேண்டுமா என்று கேட்டுவிட்டார்.

கைப்பேசியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன்.

"ஏங்க, ஒன்னு எடுத்துக்குவோமே. நாலஞ்சு வெள்ளிதானே?" என்றாள் மனைவி.

"குகை நமக்குப் புதுசாம்மா?" என்றேன். அவளுடைய கைப்பேசியைக் காரிலேயே வைக்கச் சொன்னவனும் நான்தான். மழை வந்தால் இரண்டும் நனைவானேன் என்று ஒரு முன்யோசனை!

நியா ஆற்றைப் படகில் கடந்ததும் காட்டுக்குள் பலகைப் பாதை தொடங்கியது. பெரிய குகை வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பாசி பிடித்த பலகைகள். ஓரத்தில் திடீர் திடீரென்று சுண்ணாம்புப் பாறைகள் எழும்பி நின்றன, வேர்கள் அவற்றை விரல்களால் பிடித்த மாதிரி இறுக்கியிருந்தன. ஒன்றையும் விடாமல் படம் எடுத்தேன். வேர், காளான், மரவட்டை, மறுபடியும் வேர். அவள் கையை வீசிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வணிகர் குகையில், பறவைக்கூடு வாங்க வந்தவர்கள் அந்தக் காலத்தில் தங்கிய குடில்களின் மரச்சட்டங்கள் மட்டும் நின்றன. அதையும் எடுத்தேன். அதைத் தாண்டினால் பெரிய குகையின் மேற்கு வாய். 60 மீட்டர் உயரம் என்று படித்திருந்தேன். 1958இல் டாம் ஹாரிசனும் பார்பரா ஹாரிசனும் நடத்திய அகழாய்வில், ஏறக்குறைய 40,000 ஆண்டு பழைய மண்டையோடு கிடைத்தது இங்கேதான். வெக்கை தாங்காமல், தோண்டியவர்களே 'நரகக் குழி' என்று பெயர் வைத்த இடம். அந்தப் பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்று என்னை நானே பதினோரு படம் எடுத்துக்கொண்டேன். முதல் பத்திலும் தொப்பை தெரிந்தது.

நான் வந்ததே ஓவியக் குகையைப் பார்க்கத்தான். யுனெஸ்கோ 2024இல் நியாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த செய்தியோடு, அந்தச் சிவப்பு ஓவியங்களைப் பற்றியும் படித்திருந்தேன். ஆடும் மனிதர்கள், படகுகள். கீழே, படகு வடிவிலேயே சவப்பெட்டிகள். அங்கே போக, கான் கிரா என்ற இருட்டுக் குகைக்குள் புகுந்து வெளியேற வேண்டும்.

அந்த இருட்டின் நடுவில் கைப்பேசி ஒருமுறை மினுங்கி அணைந்தது.

கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வௌவால் எச்சத்தின் நெடி மூக்கில் ஏறியது. கைப்பிடி வழவழவென்றிருந்தது. தலைக்கு மேல், சீப்புப் பல்லில் நகத்தை ஓட்டுவது போல ஒரு சத்தம், பல திசைகளிலிருந்து. உழவாரக் குருவிகள். அந்தச் சத்தம் பாறையில் பட்டுத் திரும்புவதை வைத்தே அவை இருட்டில் வழி கண்டுபிடிக்கும். என்னிடம் அதுகூட இல்லை. பகல் வெளிச்சத்தில் கிடந்ததையெல்லாம் படம் எடுத்தே விளக்கைத் தீர்த்திருந்தேன்.

"சொன்னேனே" என்று அவள் சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்திருந்த கை நகர்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

"திரும்புங்க. கைப்பிடி இப்ப இடது பக்கம் இருக்கணும். வளைவுக்கு அப்புறம் பதினேழு படி இறங்கினோம். எண்ணிக்கிட்டே ஏறுவோம்."

அவள் முன்னால் போனாள். ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணினாள். பதினான்கில் நின்றாள்.

"இறங்கும்போது மேலேர்ந்து ரெண்டாவது படி ஆடுச்சு. அப்படின்னா நமக்குப் பதினாறாவது. பார்த்து வைங்க."

பதினைந்து. பதினாறு.

ஆடியது.

அந்தப் படியில் சற்று முன்னர்தான் நானும் கால் வைத்து இறங்கியிருந்தேன். எனக்கு ஒரு படியும் நினைவில்லை. வளைவு இருந்ததே நினைவில்லை. பதினேழாவது படியில் ஏறி வளைவைத் தாண்டியதும், தூரத்தில் ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது.

ஓவியக் குகையைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். மொத்தம் 212. பலவற்றின் ஓரத்தில் அவள் நிற்கிறாள். மேற்கு வாயில் எடுத்தவற்றில் எல்லாம் தலையை அண்ணாந்து எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது எந்தப் படத்திலும் இல்லை.

"அங்க மேல என்ன பார்த்தே?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நீங்க பார்க்கலையா?" என்றாள். "கூரையிலேர்ந்து கழி தொங்குச்சே. அதுல ஒரு ஆள் கூடு எடுக்க ஏறிக்கிட்டிருந்தார். தலையில சின்ன லைட். மின்மினி மாதிரி..."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.