மூன்று பால்கனி டிக்கெட்

ஆனையூரில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் 'திருடா திருடா' படத்தைத் தியேட்டரில் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான். பார்த்துவிட்டு வந்து குறை சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும். நான் பார்க்கவே இல்லை.

1993 தீபாவளிக்கு வந்த படம். 'ரோஜா'வுக்கு அடுத்து மணிரத்னம் எடுத்தது. அக்கா பாட்டு கேசட்டைப் போட்டுப் போட்டுத் தேய்த்திருந்தாள். அதிலும் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டு வந்தால் பூ கட்டுகிற கை நின்றுவிடும். வாத்தியமே இல்லாமல் குரல்களை மட்டுமே அடுக்கி ரகுமான் போட்ட பாட்டு அது. "மேளம் எப்படா வரும்னு காத்துக்கிட்டே இருக்கேன், வர மாட்டேங்குது" என்பாள். அந்தப் பாட்டு திரையில் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் அவளுக்கு அவ்வளவு ஆசை.

முழம் கணக்கில் மல்லிகை கட்டிச் சேர்த்த காசில் ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு, அம்மாவுக்கு, எனக்கு என்று மறுநாள் மேட்னிக்கு மூன்று பால்கனி டிக்கெட் எடுத்துவர வேண்டும். ஆனையூர் அப்போது மதுரை மாநகராட்சியில் சேரவில்லை, 2011-ல்தான் சேர்த்தார்கள். எங்களுக்கு மதுரை என்றால் கண்மாய்ப் பக்கமிருந்து நடந்து, டவுன் பஸ் பிடித்துப் போகிற ஊர்.

கம்பிக் கூண்டுக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நசுங்கி டிக்கெட்டை வாங்கிவிட்டேன். மெல்லிய காகிதம். உள்ளங்கையில் மடித்துப் பிடித்ததில் வியர்வைக்கு முத்திரை மை கரைந்து ரேகையெல்லாம் ஊதாவாகிவிட்டது. வெளியே வந்தால் கவுன்டரை மூடிவிட்டார்கள். மனைவி, குழந்தையோடு நின்ற ஒருவர் என் கையைப் பார்த்தார். "தம்பி, ஒண்ணுக்கு மூணு தர்றேன்" என்றார். யோசித்தேன் என்று எழுதத்தான் ஆசை. யோசிக்கவில்லை. கொடுத்துவிட்டேன். கறிதோசை, மேலே ஒரு ஜிகர்தண்டா. மீதியில் பேன்ட் துணிக்குப் பாதிக் காசு தேறியது.

வீட்டில் என்ன சொல்வது? டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் "நாளைக்குப் போய் எடு" என்பாள். பஸ் ஆனையூர் திரும்புவதற்குள் பதில் தயாராகிவிட்டது. ஐம்பது ரூபாயை அவள் கையிலேயே வைத்தேன். "படம் குப்பையாம்க்கா. பார்த்துட்டு வந்தவன் ஒவ்வொருத்தனும் திட்டிட்டுப் போறான். உன் காசு வீணாப் போகக் கூடாதுன்னு டிக்கெட் எடுக்காமலே வந்துட்டேன்."

"தம்பிக்குப் பொறுப்பு வந்துருச்சும்மா" என்று அடுப்படியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் என் கையைப் பார்த்து, "என்னடா மை?" என்றாள். பஸ் கம்பிக்கு அடித்த பெயின்ட் என்றேன். மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்துத் துடைத்துவிட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் குழாயடியில் அக்கா சொல்லியிருக்கிறாள், "எந்தம்பி விசாரிச்சுட்டு வந்துட்டான், போகாதீங்க." தெருவே என்னிடம் விவரம் கேட்க ஆரம்பித்தது. போஸ்டரையும் கேசட் அட்டையையும் வைத்துக்கொண்டு முழு விமர்சனம் சொன்னேன். கதையே இல்லை என்றேன், இரண்டாம் பாதி இழுவை என்றேன். "கிராமத்துத் திருட்டுப் பய ரெண்டு பேரு கிட்ட ஆயிரம் கோடி வருதாம், நம்புற மாதிரியா இருக்கு?" என்று டீக்கடையில் கேட்டபோது பெரியவர்களே தலையாட்டினார்கள். படமும் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. நாடு முழுக்க அதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் எங்கள் தெருவில் எனக்குப் பேர் வந்துவிட்டது. அதற்கப்புறம் எந்தப் படம் வந்தாலும் "அவனைக் கேட்டுட்டுப் போ" என்றார்கள். மணிரத்னம் பிறந்தது இதே மதுரையில்தான். சொந்த ஊரில் அவர் படத்துக்கு ஒருவன் வேட்டு வைத்தான், அதுவும் ஒரு கறிதோசைக்காக.

மறு தை மாதம் அக்காவுக்குக் கல்யாணமாகித் திண்டுக்கல் போனாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது ஒரு ராத்திரி டெக் வாடகைக்கு எடுத்தோம். மூன்று கேசட். "அந்தத் திருடா திருடாவையும் ஒண்ணு எடுடா, எம்புட்டு மோசம்னுதான் பார்ப்பமே" என்றாள். கடையில் அந்தக் கேசட் கண்ணெதிரே இருந்தது. எடுக்கவில்லை. அவளுக்குப் பிடித்துப்போனால் என் பேர் என்ன ஆவது? "தேஞ்சுபோச்சாம்க்கா, கோடு கோடா ஓடுதாம்." டிக்கெட்டை விற்றதைப் பசி, வயசு என்று எதிலாவது சேர்த்துவிடலாம். நிறைமாதக்காரியிடம் சொன்ன இந்தப் பொய்யை எதில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

2007-ல் மோசர் பேயர் கம்பெனி சினிமா வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இறக்கியது. நடைபாதைத் திருட்டு வட்டும் ஒரிஜினலும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்த காலம். 2004-லேயே திருட்டு வி.சி.டி.காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்திருந்தார்கள். விலை இறங்கும் வரை நானும் நடைபாதையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சீந்தாத பழைய படங்களெல்லாம் புது அட்டை போட்டுக் கடைக்கு வந்தன. அப்படித்தான் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் 'திருடா திருடா' கிடைத்தது. வாங்கினேன். வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

ஏறக்குறைய பதினைந்து வருஷமாக நான் திட்டிய படத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். பிரசாந்தும் ஆனந்தும் சில்லறைத் திருடர்கள். ரயிலில் கொள்ளை போன 1,000 கோடி ரூபாய் புது நோட்டு ஒரு கண்டெய்னருக்குள் கிடக்கிறது. அதைத் திறக்கிற அட்டை அனு அகர்வால் கையில். 'வெற்றி விழா'வில் ஜிந்தாவாக மிரட்டிய சலீம் கவுஸ் இதில் துரத்துகிறார். நடுவில் சி.பி.ஐ. அதிகாரியாக எஸ்.பி.பி.; அந்தக் குரல் உத்தரவு போடுவதைக் கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. கதையில் ராம்கோபால் வர்மாவின் கை இருக்கிறது. வசனம் சுஜாதா. கேமரா பி.சி. ஸ்ரீராம். நடனத்துக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் தேசிய விருது வாங்கிய படம். கோடி என்ற சொல்லையே சில்லறைக் காசுபோல அலட்சியமாகப் புழங்குகிறது. நம்புகிற மாதிரியா என்று நான் டீக்கடையில் கேட்டேனே, நம்பச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை. விளையாடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'ரோஜா'வில் அழுதுவிட்டு வந்தவர்களுக்கு அந்த அழைப்பு புரியாமல் போயிருக்கலாம்.

இரண்டாம் பாதி இழுவைதான். அதில் மட்டும் நான் சொன்னது சரி. பார்க்காமலே சரியாகச் சொன்னதில் ஒரு அற்பப் பெருமைகூட வந்தது; அதையும் மறைக்கவில்லை.

அடுத்து வந்த பொங்கலுக்கு அக்கா வந்தாள். அவள் முன்னால் வட்டைப் போட்டேன். 'ராசாத்தி' வந்ததும் உரித்துக்கொண்டிருந்த மொச்சையைத் தட்டோடு கீழே வைத்துவிட்டாள். கடைசி வரை எழுந்திருக்கவில்லை. துரத்தல் வருகிற இடங்களில் பிள்ளைகளைவிட அவள்தான் கத்தினாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "இதையாடா குப்பைன்னே?" என்றாள்.

இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "அன்னிக்குப் பார்த்தவங்க அப்படித்தான் சொன்னாங்கக்கா" என்றேன்.

"எவனோ சொன்னதைக் கேட்டு ஏமாந்திருக்க, பாவம். இந்த வட்டு எனக்கு வேணும், ஊருக்கு எடுத்துட்டுப் போறேன். சும்மா வேண்டாம்" என்று சுருக்குப் பையைத் திறந்து ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினாள். வட்டின் விலை அதைவிடக் குறைவு.

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மீதிச் சில்லறை கொடுக்கவில்லை.